பிள்ளை தக்காத வீட்டுக்கு ஒரு காலச்சு: கடையில் கிடைக்கும் அச்சுப் பெட்டிகளில் எது உதவும்?

இணையக் கடையில் ‘குழந்தை கை கால் அச்சு’ என்று தேடினால் வருகிற பெட்டிகள் எல்லாம் வளரப்போகிற பிள்ளைக்காகச் செய்தவை. மேலட்டையில் கன்னம் உப்பிய ஆறு மாதக் குழந்தை. உள்ளே ‘என் முதல் வருஷம்’ என்று அச்சடித்த சட்டம். வயிற்றிலேயே உயிர் போய்ப் பிறந்த பிள்ளைக்கும், பிறந்து சில மணி நேரமோ சில நாளோ இருந்துவிட்டுப் போன பிள்ளைக்கும் என்று தனியாகச் செய்த பெட்டி நம் பக்கத்துக் கடைகளில் கண்ணில் படுவதில்லை. அதனால் பிரசவ வார்டில் வேலை பார்க்கிற சிஸ்டர்களும், இப்படிப்பட்ட வீடுகளுக்குத் துணை நிற்க நினைக்கிறவர்களும் இதே பெட்டிகளைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. கிடைக்கிற நாலு வகையையும் இந்த ஒரு வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று மட்டும் இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விலை கூடிய முப்பரிமாண அச்சுப் பெட்டியைவிட, கறுப்பு ஸ்டாம்ப் பேடும் தடித்த தாளும் திருநெல்வேலிப் பக்கத்துக்கு மேல். இரண்டு காரணம்: நேரம், தோல்.

நம் பக்கத்தில் பச்சைப் பிள்ளையை ராத்திரி வைத்திருப்பதில்லை. காலையில் பிறந்தால் மத்தியானத்துக்குள், மத்தியானம் என்றால் பொழுது சாய்வதற்குள் அடக்கம். பெரும்பாலும் புதைப்பதுதான். அப்பாவும் தாய்மாமனும் கூட ஓரிருவருமாகப் பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைக்குக் குழி களக்காட்டிலோ சங்கரன்கோவில் பக்கமோ வெட்டியிருக்கும். போய்ச் சேரும் நேரத்தையும் கழிக்க வேண்டும். மேலப்பாளையத்து முஸ்லிம் வீடு என்றால் குளிப்பாட்டிக் கஃபன் என்கிற அடக்கத் துணி சுற்றுவதற்கு முன்னால் அச்சு முடிந்திருக்க வேண்டும். ஆக, ஆஸ்பத்திரிக் காகிதம் எழுதி முடிகிற இடைவெளிதான் கையில் இருக்கிறது. அதுவும் ஆபரேஷன் ஆன தாய் மயக்கம் தெளியாமல் கிடக்கும்போது. கலக்கி, ஊற்றி, இறுகவிட்டு, பிரித்து என்று இரண்டு மணி நேரம் கேட்கிற பொருளுக்கு அங்கே இடமே இல்லை.

தோல் இதைவிடப் பெரிய விஷயம். வயிற்றுக்குள் உயிர் போய் ஆறு மணி நேரம் கழிந்தாலே தோல் அங்கங்கே உரியத் தொடங்கும். ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று தெரிந்து, மருந்து கொடுத்து வலி வரவழைத்து, பிரசவம் முடிய ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். அதற்குள் குதிகால் தோல் நனைந்த காகிதம் போல ஆகியிருக்கும். விரலால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். பிறந்து நாலு நாள் இன்குபேட்டரில் இருந்துவிட்டுப் போன பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே பிளாஸ்திரிப் பசையும் ஊசி போட்ட இடத்துக் கன்றலும்தான் பிரச்சினை. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பெட்டி ஒத்துவராது என்பதைப் பெட்டி விற்கிறவர்கள் யாரும் எழுதுவதில்லை.

இனி வகைகள்.

முதலாவது, ஸ்டாம்ப் பேட் வகை. குழந்தைக்கு ஆகும் என்று போட்டு வருகிற கறுப்பு மை பேட் ஒன்று, தாள் இரண்டு, சட்டம் ஒன்று. சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதன் பெரிய பலம், இதற்கு யாருக்கும் புதிதாகப் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை என்பது. பிறந்த பிள்ளையின் காலச்சைக் கேஸ் ஷீட்டில் எடுக்கிற பழக்கம் உள்ள பிரசவ அறையில் சிஸ்டர்களுக்குக் கை ஏற்கெனவே பழகியிருக்கும். ஆனால் கேஸ் ஷீட்டுக்கு எடுப்பது போலப் பாதத்தைப் பிடித்துப் பேடில் அமுக்கினால் காரியம் கெட்டுவிடும். பேடுக்குக் காலைக் கொண்டுபோகக் கூடாது. தாளுக்குக் காலைக் கொண்டுபோகவும் கூடாது. மையும் தாளும்தான் காலைத் தேடி வர வேண்டும்.

செய்முறை இதுதான். பிள்ளையைத் துண்டில் மல்லாத்திப் படுக்கவைத்து, இடுப்பு வரை மூடி, ஒரு காலை மட்டும் வெளியே எடுங்கள். பச்சைத் தண்ணீரில் பிழிந்த காஸ் துணியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். விரல் இடுக்கில் வெண்மாவு அப்பியிருக்கும். ஈரப் பஞ்சு நுனியால் எடுக்கலாம். பிறகு காய்ந்த காஸால் ஒற்றி ஒரு நிமிஷம் காற்றாட விடுங்கள். எண்ணெய் தடவிய காலில் மை ஒட்டாது. அதனால் பாட்டிமார் தேங்காய் எண்ணெயோடு வந்தால், ‘ஆச்சி, அஞ்சு நிமிஷம் பொறுங்க, அச்சு எடுத்துட்டு நீங்களே தடவுங்க’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முகப்பவுடர் போடுகிற சின்னப் பஞ்சு வில்லையில் மையைத் தொட்டு, குதிகாலில் ஆரம்பித்து மேலே ஒற்றிக்கொண்டே போய், விரல்களைக் கடைசியில் ஒற்றுங்கள். மை குறைவாக இருப்பதே நல்லது. கூடினால் ரேகை எல்லாம் அடைத்துக் கறுப்புத் திட்டுதான் விழும். தாளைக் கெட்டியான அட்டையில் கிளிப் போட்டு, ஒரு கையால் கணுக்காலைத் தாங்கி, அட்டையைக் குதிகாலில் வைத்து மெதுவாக விரல் பக்கம் உருட்டுங்கள். விரல் ஒவ்வொன்றையும் மேலே இருந்து ஒரு தட்டு. பிறகு தாளை நேராக எடுத்துவிட வேண்டும். இழுத்தால் குதிகால் இரண்டாகத் தெரியும்.

முதல் அச்சு எப்போதும் கறுத்துத்தான் விழும். அதைச் சாதாரணத் தாளில் எடுத்துவிட்டு, மறுபடி மை ஒற்றாமல் இரண்டாவது, மூன்றாவது அச்சை நல்ல தாளில் எடுத்தால் கால்ரேகை தெளிவாக விழும். இரண்டு காலுக்கும் சேர்த்துப் பத்து நிமிஷம் போதும். மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று தாய்க்கு, ஒன்று தகப்பனுக்கு, ஒன்று, எடுக்கச் சம்மதித்தும் இப்போது கையில் வாங்க வேண்டாம் என்றவர்கள் பிறகு கேட்டு வந்தால் கொடுக்க. கடைப் பெட்டியில் இரண்டே தாள் வைத்திருப்பது பெரிய குறை. தாளின் கனமும் போதாது. 220 முதல் 300 ஜிஎஸ்எம் கனமுள்ள, அமிலமில்லாத ஓவியத் தாளை ஸ்டேஷனரிக் கடையில் வாங்கி, கையடக்கமாக வெட்டிக்கொள்ளலாம். அலுவலகத்தில் வைத்திருக்கிற ஊதா ஸ்டாம்ப் பேட் வேண்டவே வேண்டாம். அந்தச் சாயம் வெளிச்சத்தில் சில வருஷத்திலேயே மங்கிப்போகும். ரிஜிஸ்டருக்குள் மூடிக் கிடந்தால் நிற்கும், சுவரில் மாட்டினால் நிற்காது. கறுப்பு நிறமி மை என்று பார்த்து வாங்குங்கள்.

தோல் உரிந்த இடத்தில் மை வழுக்கும். அங்கே மறுபடி மறுபடி ஒற்றிக்கொண்டிருக்கக் கூடாது. மற்றக் காலைப் பாருங்கள், இல்லை என்றால் கையை. இரண்டுமே முடியாது என்றால், தாளில் பாதத்தை மெல்ல வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்தால் போதும்; அதற்கும் இதே மரியாதை உண்டு. அச்சு எடுத்த பிறகு நல்ல தோலில் இருக்கிற மையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்துவிடலாம். உரிந்த தோலில் இருந்தால் அப்படியே விட்டு ஒரு சின்ன சாக்ஸ் மாட்டிவிடுங்கள்.

இரண்டாவது, மையில்லா வகை. ஈரத் துடைதாள் ஒன்றால் காலைத் துடைத்து, பூச்சுப் பூசிய தாளில் வைத்தால் கறுப்பாக அச்சு விழும். கால் கறுக்காது, கழுவ வேண்டாம். கஃபன் சுற்றுகிற வீட்டுக்கும், ‘பிள்ளை காலில் மை வேண்டாம்’ என்கிற தகப்பனுக்கும் இதுதான் பொருத்தம். கால்ரேகை நுணுக்கமாக விழுவதும் இதில்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: துடைதாள் என்று பெயர் வைத்திருந்தாலும் அதைக் கொண்டு துடைக்காதீர்கள், ஒற்றுங்கள்.

குறைகள் இரண்டு. தாளுக்கு எந்தப் பக்கம் பூச்சு என்று கண்ணுக்குத் தெரியாது; அவசரத்தில் மறுபக்கம் வைத்துவிட்டு அச்சு விழவில்லை என்று தவிக்கும்படி ஆகும். ஓரத்தில் துடைதாளை லேசாகத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, இந்தத் தாள்களில் பல சூட்டுக்கும் சானிட்டைசருக்கும் கறுப்பவை. சானிட்டைசர் காயாத கையால் பிடித்தால் பிடித்த இடத்தில் கறை விழும். அதைவிட மோசம், பத்திரமாக இருக்கட்டும் என்று ஜங்ஷன் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷனுக்குக் கொடுப்பது. சூட்டு உருளைக்குள் போன தாள் முழுக்கக் கறுத்து வந்தால் அந்த அச்சை மறுபடி எடுக்க வழியே கிடையாது. ‘லேமினேஷன் செய்ய வேண்டாம், செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்’ என்று உறை மேல் பெரிதாக எழுதிக் கொடுப்பது கட்டாயம். பெட்டிக்குள் இந்த வரி இருந்தாலும் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

மூன்றாவது, களிமண் வகை. காற்றில் காய்கிற வெள்ளைக் களிமண், உருட்டுக் கட்டை, மரச்சட்டம். வளர்கிற பிள்ளைக்கு நல்ல பொருள். இறந்து பிறந்த பிள்ளைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டோம். களிமண்ணில் பதிய வேண்டும் என்றால் அமுக்க வேண்டும். அமுக்கினால் தோல் களிமண்ணோடு வந்துவிடும். அதைத் தகப்பன் பார்க்கும்படி ஆனால் காலத்துக்கும் அதுதான் கண்ணில் நிற்கும். தோல் கெட்டியாக இருக்கிற, பிறந்து இருந்துவிட்டுப் போன பிள்ளைக்கு மட்டும் எடுக்கலாம். அப்போதும் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு உருட்டி, மேலே விரல் ஈரத்தால் நீவி, குதிகாலை ஒரே தடவை அழுத்தி எடுத்துவிட வேண்டும்.

காய வைப்பதில்தான் நம் ஊர் வெயில் சோதிக்கும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே வைத்தால் மேல்பக்கம் முந்திக் காய்ந்து வெடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு வாரம் ஆனாலும் அடியில் ஈரம் இருக்கும், பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குள் நிழலில், கம்பி வலைமேல் வைத்து, அரை நாளுக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டால் இரண்டு மூன்று நாளில் காயும். துக்க வீட்டில் இதை யார் செய்வார்கள்? எடுத்துக் கொடுக்கிறவர்களே காய வைத்து, பதினாறாம் நாளுக்குப் பிறகு கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். இன்னொன்று: 24 வாரத்தில் பிறந்த பிள்ளையின் பாதம் ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர்தான் இருக்கும், மாதம் நிறைந்த பிள்ளைக்கு ஏழரை, எட்டு. ஆறு மாதக் குழந்தைக்கு வெட்டிய சட்டத்துக்குள் நாலரை சென்டிமீட்டர் பாதத்தை வைத்தால், எவ்வளவு சின்னது என்பது மட்டுமே தெரியும். சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, சின்ன வட்டமாக எடுப்பது நல்லது.

நாலாவது, முப்பரிமாண வகை. ஆல்ஜினேட் பொடியைத் தண்ணீரில் கலக்கி, அதில் கையையோ காலையோ வைத்து இறுகியதும் எடுத்து, அந்தக் குழியில் கல்மாவு, அதாவது கல்லாக இறுகுகிற பிளாஸ்டர் பொடியைக் கரைத்து, ஊற்றுவது. பல் டாக்டர்கள் அளவெடுக்கிற அதே பொருள்கள்தான். விலை ஆயிரத்தைத் தாண்டும். நன்றாக வந்தால், நகம் தெரிகிற, விரல் மடிப்புத் தெரிகிற ஒரு கை கிடைக்கும். அதற்கு ஈடு எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நன்றாக வருவதற்கு வேண்டியவை ஏராளம்.

ஆல்ஜினேட் இறுகும் வேகம் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. அறை 23 டிகிரி இருந்தால் இரண்டிலிருந்து மூன்று நிமிஷம். சித்திரை மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீரில் கலக்கினால் கிண்டும்போதே கட்டிப்போகும். குளிர்ந்த கேன் தண்ணீரில் கலக்க வேண்டும், ஐஸ் தண்ணீர் வேண்டாம். பாக்கெட்டோடு வருகிற அளவுக் கரண்டிக்கும் அளவுக் குவளைக்கும் பொருத்தம் உண்டு. கண்மதிப்பில் போடக் கூடாது. நிறம் மாறுகிற வகையை வாங்குங்கள். கலக்கி முடிக்க, கை வைக்க, இறுகிவிட்டது என்று தெரிய, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் காட்டும். இறந்த பிள்ளையின் விரல்கள் மடங்கியே இருக்கும். நேராக்க முயலாதீர்கள், மடங்கினபடியே வையுங்கள். எடுக்கும்போது அச்சுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் கொஞ்சம் காற்றுப் போகவிட்டு மெல்ல அசைத்தால்தான் கை வரும். உரியத் தொடங்கிய தோலில் இது நடக்காத காரியம். ஆகவே இறந்து பிறந்த பிள்ளைக்கு இந்த வகை வேண்டாம்.

எடுத்த அச்சு காத்திருக்காது. ஆல்ஜினேட் தன் தண்ணீரைத் தானே கக்கிச் சுருங்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் கல்மாவு ஊற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் ஈரத் துணியில் சுற்றி ஜிப் கவருக்குள் போட்டு அரை மணி நேரம் தள்ளலாம், அவ்வளவுதான். பெட்டியோடு வருகிற பிளாஸ்டர் பொடி மென்மையானது, சுண்டு விரல் உடைந்துபோகும். பல் மருத்துவப் பொருள் விற்கிற கடையில் ‘டென்டல் ஸ்டோன்’ என்று கேட்டு வாங்கினால் கெட்டியாக இருக்கும். 100 கிராமுக்கு 30 மில்லி தண்ணீர். சாதாரண பிளாஸ்டருக்கு அதே 100 கிராமுக்கு 45 முதல் 50 மில்லி வரை வேண்டும். தண்ணீர் கூடக் கூடப் பலம் குறையும், அதுதான் இரண்டுக்கும் வித்தியாசம். முதலில் கொஞ்சமாக விட்டு, பாத்திரத்தைத் தட்டித் தட்டி விரல் நுனிக்குள் இறங்கவிட்டு, காற்றுக்குமிழ் போன பிறகு மீதியை ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அச்சைக் கையால் பிய்த்து எடுங்கள், கத்தி வேண்டாம். மூன்று தடவையாவது வேறு எதிலாவது செய்து பார்க்காதவர்கள் ஒரு பிள்ளையின் கையில் இதை முயலவே கூடாது. மறுபடி எடுக்க வாய்ப்பே இல்லாத இடம் இது.

பெட்டியில் இல்லாமல் நாம் சேர்க்க வேண்டியவற்றில் குளிர்ச்சி முக்கியம். உடம்பு குளிர்ச்சியாக இருந்தால் தோல் கெடுவது தாமதமாகும். தாய் கண் விழித்துப் பார்க்கும் வரை, அயலூரில் இருந்து தகப்பன் வந்து சேரும் வரை நேரம் கிடைக்கும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே குளிர்தொட்டில் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது பெரியவர்களுக்கான ஃப்ரீசர் பெட்டி. அதற்குள் ஒரு கைப்பிள்ளையை வைத்தால் தாய் தாங்கமாட்டாள், தோலும் உறைந்து நிறம் மாறும். அதைவிட, குளிர்ந்த ஜெல் பொட்டலம் இரண்டை டவலில் சுற்றி, பிள்ளையின் முதுகுக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் வைத்து, ஏசி அறையில் படுக்க வைக்கலாம். தோலில் நேராகப் படக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும்.

முடி எடுக்கிற பெட்டி சிலவற்றில் கண்ணாடிக் குப்பி வருகிறது. ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், தாள் மடிப்பே நல்லது. பின்கழுத்தில் இருந்து பத்துப் பதினைந்து இழையைக் கத்தரியால் வெட்டி நூலால் கட்ட வேண்டும், ஒருபோதும் இழுக்கக் கூடாது. முடி வெட்டச் சம்மதிக்காத வீடும் உண்டு, கேட்டுத்தான் செய்ய வேண்டும். கையில் கட்டிய பெயர்ப்பட்டை, தொப்புள் கிளிப், எடை எழுதிய சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சுற்றுகிற துணியை இரண்டாக எடுங்கள். தாயின் பழைய பருத்திச் சேலை கிடைத்தால் அதுவே போதும்: ஒரு துண்டு பிள்ளையோடு போகட்டும், ஒன்று பெட்டிக்குள் இருக்கட்டும். இருக்கிற துண்டைத் துவைக்காமல் வையுங்கள்.

படம் எடுப்பதற்கும் இந்தப் பெட்டிகளில் ஒரு வரி வழிகாட்டுதல்கூட இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், துணி சுற்றியபடி, கையும் காலும் தனியாகச் சில படங்கள். முகத்தைப் படம் எடுப்பதை மார்க்க காரணத்தால் மறுக்கிறவர்களும் காலை மட்டும் எடுக்கச் சம்மதிக்கலாம், கேளுங்கள். எடுத்த படம் சிஸ்டரின் போனில் தங்கக் கூடாது. குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போகவே கூடாது. தாய் நம்புகிற ஒருவர், சித்தியோ மதினியோ, அவர் போனுக்கு மட்டும் அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் வருவது கேட்பது. எந்தப் பெட்டியிலும் இது எழுதியிருக்காது. வார்டில் பெரிய ஆச்சி, ‘பாக்காத தாயி, பாத்தா மனசுல நின்னுரும்’ என்று தடுப்பார். அவரோடு வாதாடக் கூடாது, பிரியத்தில்தான் சொல்கிறார். பார்க்கச் சொல்லித் தாயை வற்புறுத்துவதும் தப்பு, பார்க்க விடாமல் தடுப்பதும் தப்பு. தாயிடம் தனியாக, மெதுவாக, ‘எம்மா, பிள்ளைக்குக் காலச்சு எடுத்து வைக்கவா? இப்பப் பாக்கணும்னு இல்ல. எப்ப வேணும்னு தோணுதோ அப்ப வந்து கேளு’ என்று சொன்னால் போதும். பார்க்க மறுக்கிற தாயும் இதற்குத் தலையாட்டுவதுண்டு. வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிட வேண்டும், அவருக்குத் தெரியாமல் எடுத்து வைப்பது கூடாது. தகப்பனைத் தனியாகக் கேளுங்கள். எல்லோரும் அவரிடம் குழியும் வண்டியும் மட்டுமே பேசுவார்கள். ‘அடுத்ததப் பாத்துக்கலாம்’ என்ற வார்த்தை எடுத்துக் கொடுக்கிறவர் வாயில் இருந்து வரவே கூடாது. பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைத் தாளில் எழுதுங்கள், வைக்கவில்லை என்றால் தாயின் பெயரைப் போட்டு ‘மகன்’, ‘மகள்’ என்று எழுதுங்கள். தேதி, நேரம், எடை, அவ்வளவுதான்.

பெட்டி என்று பார்த்தால், கடையில் வருகிற இளநீலம், இளஞ்சிவப்பு அட்டைப் பெட்டி ஒரு மழைக்காலம் தாங்காது. நம் பக்கத்தில் பனையோலைப் பெட்டிக்குக் குறைவில்லை. மணப்பாட்டுப் பின்னலில் மூடியோடு கிடைக்கிற சின்னப் பெட்டி இதற்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். பார்க்கிறவர்களுக்கு என்னவோ ஏதோ என்று தோன்றாது, பீரோவுக்குள் சாதாரணமாக உட்கார்ந்துவிடும். மாமியார் வீட்டில் எல்லோர் கண் முன்னாலும் இருக்க வேண்டிய தாய்க்கு இது சின்ன விஷயம் அல்ல. சாயம் போடாத ஓலையாகப் பாருங்கள், சாயம் ஈரத்தில் தாளில் ஏறும். ஒரு நாள் வெயிலில் காய வைத்து, உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி விரித்து, அச்சுத் தாளைத் தனி உறையில் போட்டு வைத்தால் பூச்சி, பூஞ்சை பயம் குறைவு. சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு மழைக்கு முன்னால் மாற்றலாம்.

கடைசியாக, பெட்டிக்குள் வைக்கிற தாள். ‘உங்கள் குட்டி தேவதையின் இனிய நினைவுகள்’ வகையறாவை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு, தமிழில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். தாய்க்கு முதலில் வேண்டியது பால் பற்றி. இரண்டு, மூன்று நாளில் பால் சுரந்து மார் கட்டும் என்று யாரும் சொல்லாததால், வீட்டுக்குப் போன பிறகு அது இடியாக வந்து விழுகிறது. இறுக்கமில்லாமல் தாங்குகிற உள்ளாடை, குளிர் ஒத்தடம், வலித்தால் பாரம் குறைகிற அளவுக்கு மட்டும் பீச்சுவது. சேலையால் இறுக்கிக் கட்டக் கூடாது, கட்டி விழும். பால் நிற்க கேபர்கோலின் மாத்திரை உண்டு, பிரசவமான முதல் நாளிலேயே டாக்டரிடம் கேட்க வேண்டும். பிரஷர் இருந்த தாய்க்கு அது ஆகாது. மல்லிகைப் பூவை மாரில் வைத்துக் கட்டுகிற பழைய வழக்கம் வெறும் பேச்சு அல்ல. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், அதே வேலைக்குக் கொடுத்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டபோது மார் கட்டுவதிலும் பால் அளவிலும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காய்ச்சலோ, மாரில் சிவந்த கட்டியோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற உதிரப்போக்கோ, நாற்றமோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

பிறகு காகித விஷயம். 28 வாரத்துக்கு மேல் இறந்து பிறந்தால் அதற்கென்று தனிப் படிவம், தனிப் பதிவேடு. ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போன பிள்ளைக்குப் பிறப்பும் இறப்பும் இரண்டுமே பதிய வேண்டும். 21 நாளுக்குள், கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் தகவல் கொடுப்பது ஆஸ்பத்திரியின் பொறுப்பு; பதிந்தாயிற்றா என்று வீட்டில் ஒருவர் கேட்டுக்கொண்டால் போதும். கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண்ணில் இந்த விவரம் ஏறியதா என்று கிராம சுகாதார செவிலியரிடம் உறுதி செய்யுங்கள். ஏறாவிட்டால் தடுப்பூசி நாளை நினைவூட்டி அழைப்பு வரலாம், அதைத் தாய் எடுக்கும்படி ஆகலாம். வேலைக்குப் போகிற பெண் என்றால், 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டமே ‘குழந்தை’ என்ற சொல்லுக்குள் இறந்து பிறந்த குழந்தையையும் சேர்த்திருந்தது என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். கருச்சிதைவுக்கான ஆறு வாரத்தைக் காட்டி விடுப்பைக் குறைப்பவர்கள் உண்டு. எண்கள் மூன்று போதும்: அரசு ஆஸ்பத்திரியில் இருந்து ஊருக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி 155377, உடம்பு சம்பந்தமான ஆலோசனைக்கு 104, ராத்திரி தூக்கம் வராமல் மனசு தாங்காதபோது பேச டெலி மானஸ் 14416.

வார்டுக்கு வாங்குகிறவர்களுக்கு: கறுப்பு நிறமி மை பேட் இரண்டு, பஞ்சு வில்லை ஒரு பாக்கெட், வெட்டிய ஓவியத் தாள் முப்பது, கிளிப் அட்டை ஒன்று, காஸ், கையுறை, சின்ன சாக்ஸ் சில ஜோடி, உறைகள், மையில்லா வகையில் ஐந்து தொகுப்பு. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, சாவி பூட்டில்லாமல், ராத்திரி டியூட்டி சிஸ்டருக்கும் எட்டுகிற இடத்தில் வையுங்கள். மேட்ரன் அறை அலமாரியில் பூட்டி வைத்தால் ராத்திரி மூணு மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு அது கிடைக்காது. மை பேடும் துடைதாளும் வெயில் காலத்தில் காய்ந்துபோகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து, தன் கட்டைவிரலை ஒருவர் வைத்துப் பார்த்துவிட்டு மூடுங்கள்.